அரைமாடி கட்டிய அறை

அவரை முதன்முதலில் பார்த்த அன்று, என் மரண அறிவிப்பை நானே கொடுத்துவிட்டு வரப் பார்த்தேன். காரணம் அவர், அவர் ஓட்டிய லிஃப்ட், அந்த லிஃப்டை அப்படி வைத்த கட்டடம்.

நாளிதழ் ஒன்றில் உதவி ஆசிரியர் வேலைக்கு நேர்முகத் தேர்வு. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்தப் பெருமையை இஸ்திரி போட்டுச் சட்டையாக மாட்டிக்கொண்டு போயிருந்தேன். லிஃப்டுக்குள் ஒரு ஸ்டூல், அதன்மேல் ஒரு காக்கிச் சட்டைக்காரர். தலை முழு வழுக்கை. தலைக்கும் சேர்த்து மீசை வளர்த்திருந்தார்.

"எங்க?"

"ஆசிரியர் குழுங்க. வேலைக்கு வரச் சொல்லியிருக்காங்க."

"பட்டதாரியா?"

"ஆமாங்க," என்றேன், தேவைக்குக் கொஞ்சம் சத்தமாகவே.

பித்தளைப் பிடியைத் திருப்பினார். லிஃப்ட் முனகிக்கொண்டே ஏறி நின்றது. கதவு திறந்தால் எதிரே மாடி எதுவும் இல்லை. படிக்கட்டின் நடுவில் ஒரு சின்ன மேடை. அதிலிருந்து மேலே ஏறவும் படிகள், கீழே இறங்கவும் படிகள். எந்தப் பக்கமும் பெயர்ப்பலகை இல்லை.

"வந்தாச்சு," என்றார். மேலேயா கீழேயா என்று நான் வாயைத் திறப்பதற்குள் கதவை இழுத்துச் சாத்திவிட்டார்.

கீழே போனேன். நீள மேசைக்குப் பின்னால் ஒரு குமாஸ்தா. "உட்காருங்க தம்பி. போட்டோ கொண்டாந்திருக்கீங்களா?" என்றார், குரலைத் தாழ்த்தி. நேர்முகத் தேர்வில் இவ்வளவு கனிவா என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டே என் பாஸ்போர்ட் அளவுப் படத்தை நீட்டினேன். வாங்கிப் பார்த்து உச்சுக் கொட்டினார்.

"சின்ன வயசா இருக்கே. என்ன, ஆக்சிடெண்டா?"

இரங்கல் விளம்பரம் வாங்குகிற மேசை அது. படத்தையும் என் முகத்தையும் சேர்த்துப் பார்த்ததும் குமாஸ்தா சிரித்த சிரிப்பு எனக்கு முன்னால் படியேறிப் போய்விட்டது. நான் மேலே போய்ச் சேர்ந்தபோது ஆசிரியரின் முதல் கேள்வி: "உயிரோடதானே இருக்கீங்க?"

வேலை கிடைத்தது. திரும்பும்போது லிஃப்ட்காரர் மீசைக்குள் சிரித்தபடி சொன்னார்: "கீழ போயிட்டீங்களாமே பட்டதாரி! ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

கேட்க விட்டால்தானே? அதுதான் அவருடைய பொழுதுபோக்கு என்று பிறகு தெரிந்தது. புதிதாக வருகிறவர்களை அந்த மேடையில் இறக்கிவிட்டு, எந்தப் பக்கம் போய் முழிக்கிறார்கள் என்று கதவு இடுக்கு வழியாகப் பார்ப்பார். அலுவலகத்தில் அவரை அரைமாடி என்றுதான் சொல்வார்கள். அவர் எதிரில் அரைமாடி அண்ணன். அன்று தொடங்கி என் பெயர் பட்டதாரி. என் உண்மைப் பெயரை அவர் கடைசிவரை தெரிந்துகொள்ளவே இல்லை.

கட்டடத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்த ஊருக்கு வருகிற கட்டடக்கலை மாணவர்கள் எல்லாரும் அதன் எதிரே நடைபாதையில் உட்கார்ந்து, வாயில் ஈ போவது தெரியாமல் அண்ணாந்து பார்த்து வரைவார்கள். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த ஒருவர் போன நூற்றாண்டின் நடுவில் கட்டியது. நுழைவுக் கூடத்தில் அவர் படம் இருக்கிறது. கழுத்தில் வண்ணத்துப்பூச்சி டை, உதட்டில் பைப். நம்மைப் பார்க்காமல் நமக்குப் பின்னால் எதையோ பார்க்கிற பார்வை.

கட்டடம் தூண்கள்மேல் நிற்கிறது. தரைத்தளத்தில் காற்று விளையாட வேண்டும் என்பது ஏற்பாடு. விளையாடுகிற காற்று மழையையும் கூட்டிக்கொண்டு வரும். இப்போது அங்கே மோட்டார் சைக்கிள்கள் நனைகின்றன. ஓர் ஓரத்தில் அச்சுக்கூடம், தெருவைப் பார்த்து முழுக்கக் கண்ணாடி. செய்தி பிறப்பதைச் சாதாரண ஜனங்கள் நின்று பார்க்க வேண்டுமாம். ஜனங்கள் அந்தக் கண்ணாடியில் தலை சீவிக்கொண்டு போனார்கள். முகப்பு நெடுக வெயிலைத் தடுக்கச் செங்குத்தான சிமெண்ட் பலகைகள். காலையில், வெயில் உறைக்காத நேரத்தில், அவை நன்றாகவே தடுக்கும். பிற்பகலில் சூரியன் எதிரே வந்து நின்றால் பலகைக்குப் பலகை இடைவெளியில் நேராக உள்ளே நுழைந்து எங்கள் முகத்தில் அறையும். திரைச்சீலை மாட்டக் கூடாது, முகப்பின் அழகு கெட்டுவிடும் என்று விதி. எனவே கண்ணாடியில் எங்கள் நாளிதழையே ஒட்டி வைத்திருந்தோம். நாங்கள் அச்சடித்ததில் உருப்படியான பயன் அது ஒன்றுதான் என்று சில நாட்கள் எனக்குத் தோன்றியதுண்டு.

எல்லாவற்றுக்கும் மேல் அந்த லிஃப்ட். அது எந்த மாடியிலும் நிற்காது, இரண்டு மாடிகளுக்கு நடுவில்தான் நிற்கும். செய்தி எழுதுகிறவர்களும் விளம்பரம் பிடிக்கிறவர்களும் கணக்கு எழுதுகிறவர்களும் படிக்கட்டில் சந்தித்துக் கருத்துப் பரிமாறிக்கொள்ள வேண்டும் என்று டை கட்டியவர் எழுதி வைத்திருக்கிறார். நான் பார்த்தவரை அந்தப் படிகளில் பரிமாறப்பட்ட ஒரே கருத்து முட்டிவலி பற்றியது.

இப்படிப்பட்ட கட்டடத்துக்கு ஏற்ற ஆள்தான் அரைமாடி. அவர் அளக்கும் கதைகளும் எந்த மாடியிலும் முழுசாக நிற்காது. "இந்த லிஃப்ட்ல ஏறாத மந்திரி கிடையாது" என்பார். எந்த மந்திரி என்று கேட்டால், "பழைய மந்திரி." கட்டடத்தைக் கட்டியவருக்குத் தானே குடை பிடித்ததாகச் சொல்வார். திறப்பு விழா நடந்த வருஷம் அவருக்குப் பல் முளைத்திருக்குமா என்பதே சந்தேகம். கேட்டால் பின்வாங்க மாட்டார். "அவர் பிற்காலத்துல திரும்பி வந்தாருல்ல, அப்போ பிடிச்சேன்னேன். முழுசா கேக்காம பேசாதீங்க பட்டதாரி."

அவர் குடியிருந்ததும் அந்தக் கட்டடத்தில்தான், மொட்டைமாடியில். மனைவி இறந்த பிறகு வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டுத் தட்டுமுட்டுச் சாமான்களோடு மேலே ஏறிவிட்டார். தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் தேவைப்பட்டதால் அப்போதைய நிர்வாகம் கண்டுகொள்ளவில்லை. காகிதக் கிடங்குக்குச் சுவர் வைத்தபோது மிஞ்சிய செங்கல்லை விடுமுறை நாட்களில் லிஃப்டிலேயே ஏற்றிக்கொண்டுபோய், தொட்டிக்குப் பின்னால் தன் கையாலேயே ஓர் அறை எழுப்பியிருந்தார்.

இதை எனக்குச் சொன்னவர் அவரேதான். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் பெருமை தாங்காமல் என்னை மேலே கூட்டிக்கொண்டு போனார்.

"பாருங்க. கொத்தனார் கிடையாது, சித்தாள் கிடையாது. ஒத்தை ஆளா நின்னு கட்டினது."

"தெரியுதுண்ணே," என்றேன்.

தெரியத்தான் செய்தது. நான் கிராமத்தில் வளர்ந்தவன். கட்டுகிறவன் எப்போது தூக்குநூலைப் பார்த்தான், எப்போது பார்க்காமல் விட்டான் என்பதைச் சுவரே சொல்லும். இந்தச் சுவரைக் கட்டியவர் தூக்குநூலைக் கண்ணாலேயே கண்டதில்லை. நடுவில் வயிறு தள்ளி, மேலே போகப் போக வெளிப்பக்கம் சாய்ந்து, யாரையோ எட்டிப் பார்க்கிற மாதிரி நின்றது. எங்கள் ஊரில் இதற்குக் கீழே மாட்டைக் கட்டினால் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியிருக்கும். கூரைக்கு சிமெண்ட் ஷீட். ஜன்னல் ஒன்றே ஒன்று, அதுவும் முழங்கால் உயரத்தில்.

"ஜன்னல் என்ன இவ்வளவு கீழ?"

"படுத்துக்கிட்டே ரோட்டைப் பாக்கலாம்ல. நான் என்ன உங்கள மாதிரி நின்னுக்கிட்டா தூங்கறேன்?"

கட்டிலில் படுத்துக் காட்டினார். பிறகு கட்டிலுக்கு மேலே மூலைச் செங்கல் ஒன்றைப் பிடித்து இழுத்தார். பல்லைப் பிடுங்கிய மாதிரி கையோடு வந்தது. உள்ளே ஒரு பொந்து. பொந்துக்குள் தீப்பெட்டியும் சிகரெட்டும்.

"அந்த மூலைக்கு வர்றப்போ சிமெண்ட் தீர்ந்துபோச்சு," என்றார், ஏதோ முன்கூட்டியே திட்டமிட்டவர் போல. "இப்ப அதுதான் என் அலமாரி."

அவருக்கு ஒரு மகள். அதே ஊரில்தான் இருந்தாள். அவ்வப்போது மேலே வந்து கூப்பிடுவாள். ஒருமுறை நான் இருக்கும்போதே வந்தாள்.

"அப்பா, வீட்டுக்கு வாங்கப்பா. வயசான காலத்துல இப்படி மொட்டைமாடியில காக்கா மாதிரி உக்காந்திருந்தா பாக்கறவங்க என்னைத்தானே பேசுவாங்க."

"உன் வீட்ல எனக்கு எடம் எங்கம்மா?"

"முன்ரூம்ல சோபா இருக்குல்ல."

"அந்தச் சோபாவா!" என்று என் பக்கம் திரும்பினார். "பட்டதாரி, மாப்பிள்ளை அந்தச் சோபாவ வாங்கி எத்தனையோ வருஷமாச்சு. கடையில போட்டுக் குடுத்த பிளாஸ்டிக் உறையை இன்னும் பிரிக்கல. அதுல படுத்தா பொரண்டு படுக்க முடியாது, சறுக்கும். பொரண்டா சத்தம் வேற. சத்தம் கேட்டா மாப்பிள்ளை உள்ளருந்து இருமுவாரு. அந்த இருமல்ல எல்லாம் இருக்கும்மா. அதுக்கு நான் லிஃப்டுக்குள்ளயே நின்னுக்கிட்டுத் தூங்கிட்டுப் போறேன்."

மகள் கொண்டுவந்த டிபன் பாக்ஸை வைத்துவிட்டுப் போய்விட்டாள். அரைமாடி பேசியதில் நான் மறுயோசனை இல்லாமல் நம்பியது அந்தச் சோபாக் கதை ஒன்றைத்தான்.

சில ஆண்டுகளில் அச்சு இயந்திரத்தை ஊருக்கு வெளியே கொண்டுபோய்விட்டார்கள். கண்ணாடிக் கூடம் வெறிச்சோடிக் கிடந்தது. புதிதாக ஒரு மேலாளர் வந்தார். எதைப் பார்த்தாலும் அது எவ்வளவு சதுர அடி என்று கேட்கிற ஜாதி. மொட்டைமாடியில் நாற்காலி போட்டு, விளக்கு கட்டி, கூட்டங்களுக்கு விடலாம் என்று கண்டுபிடித்தார். ஒரு நாள் மேலே ஏறிப் பார்த்தவர் அரைமாடியின் அறை வாசலில் நின்றுவிட்டார்.

"இது என்னய்யா?"

"என் ரூமு சார்."

"யார் அனுமதி குடுத்தது?"

"பழைய முதலாளி."

"எழுத்துல இருக்கா?"

"வாயால சொன்னாரு சார். அவர் வாய் சுத்தமான வாய்."

"மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடு. மாசம் பொறந்ததும் இடிக்கணும்."

லிஃப்டுக்குள் அரைமாடி முகத்தில் ஈயாடாமல் உட்கார்ந்திருந்ததை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். புதிதாக வந்த இரண்டு பேரை மேடையில் இறக்கிவிட்டு, "மேல போங்கப்பா" என்று தானாகவே வழி சொன்னார். அப்போதே தெரிந்துவிட்டது, ஆள் உடைந்துபோயிருக்கிறார் என்று.

அந்த நேரம் பார்த்துத்தான் பேராசிரியை வந்து சேர்ந்தார். பழைய கட்டடங்களைப் பாதுகாக்க அரசு அமைத்த குழுவின் தலைவி. வட்டக் கண்ணாடி, தோளில் துணிப்பை, பின்னால் ஒரு மாணவர் கூட்டம். கட்டடத்தைப் பாதுகாக்கப்பட்ட பட்டியலில் சேர்க்கலாமா என்று பார்க்க வந்திருந்தார். கூடப் போய்ச் செய்தி எழுத ஆசிரியர் என்னை அனுப்பினார். நல்ல சந்தர்ப்பம் என்று நினைத்துக்கொண்டேன். பிற்பகல் வெயிலைப் பற்றி யாராவது கேட்க வேண்டாமா? சொல்லியும் பார்த்தேன். அந்த அம்மையார் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டியிருந்த நாளிதழ்களைத் தடவிப் பார்த்து, "பயனாளிகள் கட்டடத்தோட உரையாடறாங்க" என்று மாணவர்களுக்குச் சொன்னார். மாணவர்கள் எழுதிக்கொண்டார்கள்.

அரைமாடி இதையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டே நின்றார். லிஃப்ட் கடைசியாக நின்றதும் ஸ்டூலை விட்டு எழுந்து, நாங்கள் யாரும் கூப்பிடாமலே எங்களுக்கு முன்னால் மொட்டைமாடிக்குப் படியேறினார். தண்ணீர்த் தொட்டி ஒரு தலைகீழ்க் கூம்பு. அதன் அழகில் பேராசிரியை கொஞ்ச நேரம் மெய்ம்மறந்தார். பிறகு தொட்டிக்குப் பின்னால் பார்வை போனது.

"இது என்ன? மூல வரைபடத்துல இது இல்லையே."

"இருக்காதும்மா," என்றார் அரைமாடி. குரல் குழைந்தது. "அய்யா பிற்காலத்துல ஒருதடவை வந்தாருல்ல, அப்போ கட்டினது. நான்தான் கூட இருந்தேன். மேல வந்து நின்னு பாத்தாரு. 'இதுல ஒண்ணு குறையுதே'ன்னாரு. பக்கத்துல கிடந்த கரித்துண்ட எடுத்து, தரையில கோடு போட்டாரு. அதுதாம்மா இது. கட்டி முடிச்சிட்டுப் போனவருதான், அப்புறம் அவரு எதையும் கட்டல."

கடைசி வரியைச் சொல்லும்போது கண்ணையும் துடைத்துக்கொண்டார்! புளுகுவதற்கும் ஒரு வரைமுறை வேண்டும்.

பேராசிரியை அறையைச் சுற்றி வந்தார். சாய்ந்த சுவரைத் தொட்டார். வயிறு தள்ளிய இடத்தில் உள்ளங்கையை வைத்து நின்றார். குனிந்து ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தார்.

"கவனிங்க," என்றார் மாணவர்களிடம், ரகசியம் சொல்வது போல. "நேர்கோட்டையே நம்பி வாழ்ந்தவர் கடைசியில நேர்கோட்டைக் கைவிடறார். சுவர் காத்துக்கு வளைஞ்சு குடுக்குது. இந்த ஜன்னலைப் பாருங்க. படுத்திருக்கிற மனுஷனோட கண் உயரம்! இதுவரைக்கும் யார் இப்படி யோசிச்சிருக்காங்க?"

யோசித்தவர் அவர் பக்கத்திலேயே காக்கிச் சட்டையில் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தார். என்னால் பொறுக்க முடியவில்லை.

"மேடம், இது இவரே கட்டினதுங்க. மிச்சச் செங்கல்லு. எங்கிட்டயே சொல்லியிருக்காரு."

அரைமாடி என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. பேராசிரியை சிரித்தார். குழந்தையைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு.

"நீங்க கட்டடக்கலை படிச்சிருக்கீங்களா?"

"இல்லைங்க. நான் இலக்கியத்துல பட்டம்..."

"அதான்," என்றார்.

ஒரு பட்டம் வாங்க நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். அதை ஒற்றைச் சொல்லில் மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். செங்கல் அடுக்கத் தெரியாதவன் அடுக்கிய செங்கல்லைக் கண்டுபிடிக்க எந்தப் பட்டமும் வேண்டாம். எங்கள் ஊரில் எருமை மேய்க்கிறவனுக்குத் தெரியும்.

அலுவலகத்துக்குள் வந்து ஆசிரியரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு கேட்டார். "ஏம்பா, நம்ம கட்டடத்துல ஒரு மேதையோட கடைசி எண்ணம் இருக்குன்னு அந்தம்மா சொல்றாங்க. இல்லைன்னு நாமளே போடணுமா?" ஞாயிறு இணைப்பில் முழுப்பக்கக் கட்டுரையை அவரே எழுதினார். சாய்ந்த சுவர் படம் பெரிதாக வந்தது. படத்தில் சுவர் இன்னும் சாய்ந்து தெரிந்தது.

கட்டடம் பட்டியலில் சேர்ந்தது, அந்த அறையும் சேர்ந்தது. அரசாணையின் நகலை அரைமாடி லிஃப்டுக்குள் ஒட்டிவைத்தார். மேலாளர் ஏறும்போதெல்லாம் அதன் பக்கம் கையைக் காட்டி, "எந்த மாடி சார்?" என்று கேட்பார். மீசை பழையபடி நிமிர்ந்துவிட்டது. புதிதாக வருகிறவர்களை மறுபடியும் மேடையில் விட்டு வேடிக்கை பார்க்கத் தொடங்கினார். என்னிடம் மட்டும் ஒரு வாரம் பேசவில்லை. பிறகு அவரே பேசினார்.

"உங்க பட்டத்தால என் ஒத்தைச் செங்கல்லையாவது அசைக்க முடிஞ்சுதா, பட்டதாரி?"

"முடியலண்ணே."

"நம்ம வாய் காப்பாத்திச்சு பாத்தீங்களா?"

அந்த வாய் என்ன செய்து வைத்திருக்கிறது என்று எங்கள் இருவருக்குமே அப்போது தெரியாது.

கொஞ்ச நாளில் பேராசிரியை திரும்ப வந்தார். இந்த முறை மாணவர்கள் இல்லை. கையுறை போட்ட பணியாளர்கள், கூடவே மேலாளர். மேலாளர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. மேலே என்ன நடக்கிறது என்று பார்க்க நானும் ஏறினேன்.

பணியாளர்கள் அரைமாடியின் கட்டிலைத் தூக்கி வெளியே வைத்துக்கொண்டிருந்தார்கள். அடுப்பு, பானை, அவர் மனைவியின் படம், பாய், வாளி எல்லாம் வெயிலில் வரிசையாகக் கிடந்தன.

"என்னம்மா இது?" அரைமாடி ஓடிவந்தார். "இடிக்கக் கூடாதுன்னு ஆணை இருக்கு!"

"இடிக்கலைங்க ஐயா. மீட்டெடுக்கறோம்," என்றார் பேராசிரியை, கனிவாகவே. "அவர் விட்டுட்டுப் போன நிலைக்குக் கொண்டுவரணும் இல்லையா? இது ஒரு வெற்று அறை. வானத்தைப் பார்க்கறதுக்காக அவர் கட்டினது. இத்தனை வருஷம் நீங்க பத்திரமா பாத்துக்கிட்டீங்க. ரொம்ப நன்றி. இனிமே அரசாங்கம் பாத்துக்கும்."

"நான் எங்கம்மா படுக்கறது?"

பேராசிரியை மேலாளரைப் பார்த்தார். மேலாளர் உதட்டைப் பிதுக்கினார். "பெரியவரே, பாதுகாக்கப்பட்ட இடத்துல குடியிருக்கக் கூடாதாமே. சட்டம் அப்படி. நான் என்ன பண்ண?"

அரைமாடி என்னைத் தேடினார். பக்கத்தில் வந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"பட்டதாரி, சொல்லுங்க. நான் கட்டினதுன்னு அவங்ககிட்ட சொல்லுங்க."

"நீங்க கட்டினதுன்னு தெரிஞ்சா மேலாளர் இன்னைக்கே இடிச்சுடுவாருண்ணே."

"இடிச்சா இடிக்கட்டும்யா! என் சொவரு, என் கண்ணு முன்னாடி விழட்டும். இவங்க பூட்டி வெச்சு வேடிக்கை காட்றதுக்கா நான் கட்டினேன்?"

உண்மையைச் சொல்லச் சொல்லி அவர் என்னைக் கேட்டது அதுதான் முதல் தடவை. சொன்னேன். பேராசிரியை துணிப்பையைத் திறந்து எங்கள் ஞாயிறு இணைப்பை எடுத்து என் முன்னால் விரித்தார்.

"உங்க பத்திரிகையிலயே வந்திருக்கே தம்பி," என்றார்.

ஆசிரியர் பெயரோடு வந்திருந்தது.

"அம்மா!" அரைமாடி அவர் முன்னால் போய் நின்றார். "நான் சொன்னது பொய். அய்யாவை நான் கண்ணால பாத்ததில்ல. இது நான் கட்டினது. படுத்துக்கிட்டு ரோட்டைப் பாக்கறதுக்காக அந்த ஜன்னல வெச்சேன். சொவரு கோணிக்கிச்சு, எனக்கு வேலை தெரியாது, அவ்வளவுதான்!"

பேராசிரியையின் கண் கலங்கியது. அரைமாடியின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். "புரியுதுங்க ஐயா. இத்தனை வருஷம் வாழ்ந்த எடம். உங்களோடதுன்னு தோணத்தான் செய்யும். கட்டும்போது நீங்க உதவி பண்ணினீங்கன்னு அறிக்கையில சேர்க்கச் சொல்றேன்."

இதற்குமேல் ஒரு மனிதன் என்னதான் செய்வான்? அரைமாடி கையை உதறிக்கொண்டு உள்ளே ஓடினார்.

"நம்பலைல? இதப் பாருங்க! சிமெண்ட் தீர்ந்துபோன மூலை இது!"

மூலைச் செங்கல்லைப் பிடித்து இழுத்தார். பழையபடி கையோடு வந்தது. பொந்திலிருந்து தீப்பெட்டி விழுந்தது. பின்னாலேயே சிகரெட்டும்.

பேராசிரியை வீறிட்டார். பெற்ற பிள்ளையை யாரோ அறைந்துவிட்ட மாதிரி. கையுறைக்காரர்கள் பாய்ந்து அரைமாடியை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டார்கள். அவர் செங்கல்லை விடவில்லை. மீசை நடுங்க, "என் செங்கல்லுய்யா, காகிதக் கிடங்குச் செங்கல்லு, போய்ப் பாருங்கய்யா" என்று கத்திக்கொண்டே இருந்தார். யாரும் போய்ப் பார்க்கவில்லை. நான் போய்ப் பார்த்தேன். அதே செங்கல், அதே முத்திரை. வந்து சொன்னேன். "அந்தக் காலத்துல ஊர் முழுக்க ஒரே சூளைதான்," என்று சொல்லி முடித்துவிட்டார் பேராசிரியை.

மேலாளர், செங்கல்லை ஒருவழியாகப் பிடுங்கி வாங்கிய பிறகு, முகத்தில் வருத்தம் போன்ற ஒன்றை வரவழைத்துக்கொண்டு சொன்னார்: "பாதுகாக்கப்பட்ட கட்டடத்தைச் சேதப்படுத்தறது குற்றம். போலீஸ் வரைக்கும் போக வேண்டாம்னு பாக்கறேன். நாளையிலேருந்து வேலைக்கு வர வேண்டாம், பெரியவரே."

மேலாளருக்கு அவர் ஆசைப்பட்டதைவிட நன்றாகவே முடிந்தது. ஒரே செங்கல்லில் அறையும் காலி, ஸ்டூலும் காலி. கூட்டங்களுக்கு மொட்டைமாடியை விட முடியாமல் போனது மட்டும்தான் அவருக்குக் குறை. அதற்குப் பதில், அந்த அறையைப் பார்க்க வருகிறவர்களிடம் சீட்டுக் கொடுத்து வசூலிக்கிறார்.

மகள் ஒரு வாடகை வண்டியோடு வந்தாள். கட்டில் வீட்டில் கொள்ளாது என்று தரைத்தளத் தூண்களுக்கு நடுவே விட்டுவிட்டுப் போனார்கள். அந்த இடம் ஒருவழியாகப் பயன்பட்டது; காவலாளி அதில் படுக்கிறார். அரைமாடி வண்டியில் முன்னால் ஏறி உட்கார்ந்துகொண்டு, கண்ணாடிக் கூடத்தின் பக்கம் திரும்பாமல், மனைவியின் படத்தை மடியில் கவிழ்த்து வைத்திருந்தார்.

"அப்பப்போ வீட்டுக்கு வாங்க," என்றார் என்னிடம். பட்டதாரி என்று சொல்லவில்லை.

போயிருக்கிறேன். போன மாதமும் போனேன். உட்காரச் சொன்னார், உட்கார்ந்ததும் சறுக்கினேன். மருமகன் உள்ளே இருமினார்.

அலுவலகத்தில் லிஃப்ட் தானாக ஓடுகிறது. இப்போதும் மாடிகளுக்கு நடுவில்தான் நிற்கிறது, வழி சொல்ல ஆள் இல்லை. மேலே அந்த அறைக்கு வெள்ளையடித்துப் பூட்டியிருக்கிறார்கள். மூலைச் செங்கல்லை ஏதோ பசை வைத்து ஒட்டியிருக்கிறார்கள். அந்தச் சுவரிலேயே ஒழுங்காக நிற்பது இப்போது அது ஒன்றுதான். வாசலில் ஒரு பலகை. அதில் வண்ணத்துப்பூச்சி டைக்காரரின் பெயர் இருக்கிறது. உதவி செய்தவர் பெயரைச் சேர்ப்பதாகச் சொன்னார்கள், சேர்க்கவில்லை. சேர்த்திருந்தாலும் என்ன பெயர் போட்டிருப்பார்கள்? அவர் பெயர் எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

அவர் இப்போது மகள் வீட்டில் இருக்கிறார். முன்னறைச் சோபாவில் படுக்கிறார். அந்த முன்னறையின் ஜன்னல் நிற்கிறவர்களின் கண் உயரத்தில் இருக்கிறது. பிளாஸ்டிக் உறையை இன்னும் பிரிக்கவில்லை.